இரண்டாம் ஆண்டும் ‘டெர்ம்’ என்னும் சொல்லும்

நீண்ட பதிவு. ஆய்வேட்டின் மூன்றாம் இயலை எழுதி முடிக்க வேண்டிய வாரத்தில் இதை எழுதுகிறேன். என் நெறியாளர் கண்ணில் படாதிருக்கக் கடவது.

புனேயின் வாகட் பகுதியில் நான் தங்கியிருக்கும் அடுக்ககத்தின் கீழ்த்தளத்தில் பொறியியல் மாணவர் சிலர் வாடகைக்கு இருக்கின்றனர். ஒருவன் திருச்சிப் பக்கத்துப் பையன். முதலாண்டில் இரண்டு பாடங்களைத் தவறவிட்டு, அவற்றைச் சுமந்தபடியே இரண்டாம் ஆண்டுக்கு வந்திருக்கிறான். சென்ற வாரம் மாடிப்படியில் அமர்ந்து தாயாரிடம் கைபேசியில் பேசிக்கொண்டிருந்தான். “ஃபெயில் இல்லம்மா, ஏ.டி.கே.டி.தான்.” மறுமுனையில் விளங்கவில்லை போலும். “நம்ம ஊர் அரியர் மாதிரிம்மா” என்றான். அந்த ‘மாதிரி’யில் என் மனம் நின்றுவிட்டது. மொழியியல் படித்தவர்களைப் பிடிக்கும் நோய் இது.

இரண்டு சொற்களும் ஏறத்தாழ ஒரே நிலையைத்தான் குறிக்கின்றன. தவறிய பாடத்தை வைத்துக்கொண்டே அடுத்த வகுப்புக்குச் செல்லலாம். ஆனால் அவை பிறந்த வீடுகள் வேறு. ‘அரியர்’ கணக்கேட்டுச் சொல். நிலவரி நிலுவைக்கு ஆங்கில அரசின் வருவாய்த் துறை வழங்கியது. அதனுடன் சேரும் வினைகளும் கடனுக்கு உரியவையே: அரியர் வைத்திருக்கிறான், அரியரைக் கிளியர் செய்துவிட்டான். மகாராட்டிரத்தின் ஏ.டி.கே.டி. ‘அலவ்டு டு கீப் டெர்ம்ஸ்’ என்பதன் சுருக்கம். ‘டெர்ம்’ நிறைவு செய்தல் என்பது இங்கிலாந்தின் பழைய பல்கலைக்கழகங்களிலும் சட்டக் கழகங்களிலும் வழங்கிய வழக்கு. பருவம்தோறும் குறித்த நாள்கள் அங்கே இருந்தாக வேண்டும். காந்தி இலண்டன் இன்னர் டெம்பிளில் விருந்து உண்டே டெர்ம்களை நிறைத்ததைத் தம் சுயசரிதையில் எழுதியிருக்கிறார். ஒரு சொல்லில் மாணவன் கடனாளி. மற்றொன்றில் இருக்க இசைவு பெற்றவன்.

இந்த ‘டெர்ம்’ சென்னை மாகாணத்திலும் இருந்தது. அங்கே ஒருவருக்கு அந்த இசைவு கிட்டாமற்போன வரலாற்றை நாம் அனைவரும் அறிவோம். ஆனால் பெரும்பாலும் பிழையாக அறிவோம்.

1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னைப் பல்கலைக்கழகங்கள் நிறுவப்பட்டபோது அவற்றுக்கு முன்மாதிரி இலண்டன் பல்கலைக்கழகம். பாடம் நடத்துவது கல்லூரியின் வேலை, தேர்வு நடத்துவது பல்கலைக்கழகத்தின் வேலை. மெட்ரிகுலேஷனுக்குப் பின் ஈராண்டு படித்து எஃப்.ஏ. தேர்வு, அதில் தேறியோர்க்கு மேலும் ஈராண்டு படித்து பி.ஏ. ஆக, இரண்டாம் ஆண்டின் இறுதியில் ஒரு மதில் எழுந்தது. அதைத் தாண்டாதவர்கள் பெருந்தொகையினர். ‘எஃப்.ஏ. ஃபெயில்’ என்பதையே ஒரு தகுதிபோல் விண்ணப்பங்களில் எழுதிய தலைமுறை அது.

சீனிவாச இராமானுசன் 1904 சனவரியில் கும்பகோணம் அரசுக் கல்லூரியில் எஃப்.ஏ. முதலாண்டில் சேர்ந்தார், வயது பதினாறு. கையில் சுப்பிரமணியம் உதவித்தொகை. ஆங்கிலத்திலும் கணிதத்திலும் திறமை காட்டியோர்க்கு வழங்கப்பட்ட உதவித்தொகை அது என்பதை நினைவிற்கொள்க. கணிதத்தில் மூழ்கி மற்றவற்றைக் கைவிட்டார். ‘ஆங்கிலத்தில் தோற்றார்’ என்ற ஒற்றை வரியோடு நம் பாடநூல்கள் கதையை முடித்துவிடுகின்றன.

அவருடைய தொகுக்கப்பட்ட ஆய்வுக் கட்டுரைகள் 1927இல் நூலாக வந்தபோது பி. வி. சேஷு ஐயரும் ஆர். இராமச்சந்திர ராவும் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு அதில் இடம்பெற்றது. அதை நிதானமாகப் படித்தால் மூன்று வெவ்வேறு வாயில்கள் தென்படுகின்றன. முதலாவது, வகுப்பேற்றம்: ஆங்கிலக் குறைவால் இராமானுசனுக்கு எஃப்.ஏ. இரண்டாம் ஆண்டு வகுப்பு கிடைக்கவில்லை; உதவித்தொகையும் போயிற்று. 1905இல் வீட்டாரிடம் சொல்லாமல் விசாகப்பட்டினம் சென்றார். திரும்பிவந்து அதே கல்லூரியில் மீண்டும் சேர்ந்தார். இப்போது இரண்டாவது வாயில்: வருகை நாள்கள் போதாமையால் டெர்ம் சான்றிதழ் கிட்டவில்லை. 1906இல் சென்னை பச்சையப்பன் கல்லூரி. அங்கே நோயுற்று ஊர் திரும்பினார். 1907 டிசம்பரில் தனித்தேர்வராக எஃப்.ஏ. எழுதினார். அதுதான் மூன்றாவது வாயில். தவறினார்.

இவற்றுள் மதிப்பெண் மட்டுமே தீர்மானித்தது எது? முதலாவதும் மூன்றாவதும். இடையில் இருந்தது வருகைப் பதிவேடு. என் கணிப்பில் அவரைச் சாய்த்தது தேர்வைவிட உதவித்தொகை இழப்புதான். துணிக்கடைக் கணக்கரின் மகனுக்குக் கல்லூரிக் கட்டணம் எளிய தொகையன்று. ஒரு பாடத்தில் சறுக்கியவனிடமிருந்து முதலில் பறிக்கப்பட்டது, எழுந்து நிற்பதற்கு வேண்டிய பணம். இன்றைய உதவித்தொகை விதிகளைப் படிப்பவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்கப் புனேயிலேயே ஒருவர் உண்டு. 1870களில் டெக்கன் கல்லூரியில் சேர்ந்த பால கங்காதர திலகர் மெலிந்த உடலினர். முதலாண்டு முழுவதையும் உடற்பயிற்சிக்கும் நீச்சலுக்கும் கொடுத்துத் தேர்வில் தவறினார் என்று அவர் வரலாற்றை எழுதியோர் கூறுவர். தந்தையார் 1872இலேயே இறந்துவிட்டார். ஆயினும் ஓராண்டை இழக்கும் வசதி அவருக்கு இருந்தது. பின்னர் கணிதத்தில் முதல் வகுப்பில் பி.ஏ., அதன்பின் சட்டம். அவர் தவறிய ஆண்டு இன்று சுவையான கதையாகச் சொல்லப்படுகிறது. இராமானுசனின் ஆண்டை அப்படிச் சொல்ல எவருக்கும் வாய் வராது.

மொழியியல் மாணவனாக என்னை மிகவும் ஈர்ப்பவை இராமானுசனின் இரண்டு கடிதங்கள். 1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகத்துக்கு எழுத்தர் வேலை கேட்டு எழுதியதில், மெட்ரிகுலேஷன் தேறியதாகவும், எஃப்.ஏ. வரை படித்ததாகவும், விரும்பத்தகாத சில சூழ்நிலைகளால் மேற்படிப்பு தடைப்பட்டதாகவும் குறிப்பிடுகிறார். ‘தவறினேன்’ என்ற வினை அங்கே இல்லை. செயப்பாட்டு வாக்கியத்துக்குள் அவர் ஒதுங்கிக்கொள்கிறார். வேலை கிடைத்தது, மாதம் 30 ரூபாய். ஓராண்டுகூட ஆகவில்லை, 1913 சனவரி 16 அன்று கேம்பிரிட்ஜின் ஹார்டிக்கு எழுதும்போது, தமக்குப் பல்கலைக்கழகக் கல்வியே இல்லை என்கிறார். இரு கல்லூரிகளில் கழிந்த காலம் முழுவதையும் ஒரே தொடரில் அழித்துவிடுகிறார். எழுத்தர் வேலைக்கு எஃப்.ஏ.வின் நிழல் தேவைப்பட்டது. கணிதத்துக்கு அதுவும் தேவைப்படவில்லை. நான் முதுகலை இரண்டாம் ஆண்டில் ஒரு தாளைத் தவறவிட்டேன். அதற்குப்பின் எழுதிய ஒவ்வொரு விண்ணப்பத்திலும் எந்த வினைச்சொல்லை இடுவதென்று தவித்திருக்கிறேன். ஆதலால் இவ்விரு கடிதங்களையும் வெறும் சான்றாவணமாக என்னால் படிக்க இயலவில்லை.

1913 மே மாதம் சென்னைப் பல்கலைக்கழகம் அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை அளித்தது. முதுகலைப் பட்டதாரிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்த உதவித்தொகை அது. இளங்கலையின் நடுவழியைக்கூடத் தாண்டாதவருக்காக விதி தளர்த்தப்பட்டது. தளர்த்த முடிகிற விதிதான் என்பது இதனால் வெளியாகிறது. 1905இல் கும்பகோணத்தில் அதை ஏன் தளர்த்தவில்லை என்று கேட்கலாம். அப்போது ஹார்டியின் பரிந்துரை இல்லை. கையிலிருந்தவை குறிப்பேடுகள் மட்டுமே.

கீழ்த்தளத்துப் பையனிடம் இவற்றையெல்லாம் நான் சொல்லவில்லை. இராமானுசன் கதையைக் கேட்டுக் கேட்டு அலுத்த தலைமுறை. அவனுக்கு வேண்டியது எம்-த்ரீ கணிதத்துக்கு ஓர் ஆள். என்னால் அது ஆகாது. நான்காம் மாடியில் ஹிஞ்சவடியில் பணிபுரியும் தெலுங்கு நண்பர் ஒருவர் ஞாயிறு காலைகளில் சொல்லித்தர ஒப்புக்கொண்டிருக்கிறார். தாயாரிடம் ‘அரியர்’ என்றே சொல்லும்படி மட்டும் கூறினேன். “கடன் மாதிரிக் கேக்குதுண்ணா அது” என்றான். அவன் மொழியியல் படித்தவனல்லன்.