கடலை எண்ணெய்யில் ஓவியம் வரைய முடியாதா? ஆயில் பெயிண்டிங் முதல் வகுப்பில் சொல்லித் தருவது என்ன?

திருவண்ணாமலையில் இருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். சுற்றுவட்டாரம் முழுக்க நிலக்கடலை விளையும் பூமி. இந்தப் பக்கத்துப் பிள்ளை ஒன்று ஆயில் பெயிண்டிங் கத்துக்க உட்கார்ந்தால், "இது என்ன எண்ணெய்? நம்ம ஊரு கடலை எண்ணெய் ஆகாதா?" என்று கேட்கத்தான் செய்யும். சிரிக்க வேண்டியதில்லை, நல்ல கேள்வி. அதற்கான பதிலில்தான் இந்தக் கலையின் பாதிப் பாடம் இருக்கிறது.

காயும் எண்ணெய், காயாத எண்ணெய்

வாட்டர் கலரில் தண்ணீர் ஆவியாகிப் போய்விடும், நிறம் மட்டும் தாளில் தங்கும். எண்ணெய் அப்படி ஆவியாகாது. ஆளி விதை எண்ணெய், அதாவது கடைக்காரர்கள் சொல்லும் லின்சீட் ஆயில், காற்றில் உள்ள ஆக்சிஜனை இழுத்து மெல்ல மெல்ல இறுகி, கெட்டியான படலமாக மாறுகிறது. வால்நட் எண்ணெய்க்கும் கசகசா எண்ணெய்க்கும் இதே குணம் உண்டு. கடலை எண்ணெய்க்கும் தேங்காய் எண்ணெய்க்கும் அது கிடையாது. அதில் நிறத்தைக் குழைத்து வரைந்தால் எத்தனை மாதம் ஆனாலும் பிசுபிசுவென்றுதான் இருக்கும். தூசியெல்லாம் படத்தில் ஒட்டும்.

இன்னொரு எச்சரிக்கை. ஹார்டுவேர் கடையில் கதவுக்கு அடிக்க விற்கும் 'டபுள் பாயில்டு' லின்சீட் ஆயிலை விலை குறைவு என்று வாங்கிவிட வேண்டாம். படம் நாளடைவில் பழுப்பேறும். ஓவியப் பொருள் கடையில் கிடைக்கும் சுத்திகரித்த எண்ணெய்தான் சரி.

வகுப்பில் முதலில் என்ன நடக்கும்?

நேராகப் படம் வரையப் போவதில்லை. துணியில் எண்ணெய் நேரடியாகப் பட்டால் இழை இற்றுப் போகும் என்பதால், கேன்வாஸில் முதலில் ஜெஸ்ஸோ என்ற வெள்ளைப் பூச்சு அடிக்க வேண்டும். தயார் நிலையில் வரும் கேன்வாஸ் போர்டில் இந்த வேலை மிச்சம். ஆரம்பிப்பவர்களுக்கு அதுவே போதும்.

நிறங்களும் நிறைய வேண்டாம். டைட்டானியம் ஒயிட், யெல்லோ ஓக்கர், பர்ன்ட் சியன்னா, அல்ட்ராமரைன் ப்ளூ என்று 4 ட்யூப் இருந்தால் ஒரு மாதம் ஓட்டலாம். நீலத்தையும் சியன்னாவையும் கலந்தால் கறுப்புக்குப் பக்கத்தில் ஒரு அடர்நிறம் வரும். கறுப்பு ட்யூபே தேவைப்படாது. ஓக்கரில் நீலம் சேர்த்தால் மங்கலான பச்சை. கார்த்திகை மழைக்குப் பிறகு தெரியும் அண்ணாமலை மலையின் நிறத்துக்கு அது ரொம்பப் பக்கம். 24 நிறப் பெட்டி வாங்கிவிட்டு எதை எதில் கலப்பது என்று முழிப்பவர்களே அதிகம்.

அடுத்தது தவறவே கூடாத விதி: அடியில் மெலிசு, மேலே கொழுப்பு. முதல் பூச்சில் டர்பன்டைன் சேர்த்து நீர்க்க அடிக்க வேண்டும். மேலே போகப் போக எண்ணெய் கூட வேண்டும். மாற்றிச் செய்தால் மேல் பூச்சு முதலில் காய்ந்துவிடும். அடியில் இருப்பது பிறகு காய்ந்து அசையும்போது மேலே விரிசல் விழும். இந்தத் தப்பு அன்றைக்கே தெரியாது, சில வருஷம் கழித்துத்தான் தெரியும். அதுதான் இதில் உள்ள வம்பு.

துணியால் தீப்பிடிக்குமா?

பிடிக்கும். பலரும் சொல்லாமல் விடுகிற பாடம் இது. லின்சீட் ஆயில் காயும்போது வெப்பத்தை வெளியிடுகிறது. பிரஷ் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டால் அந்த வெப்பம் உள்ளேயே தேங்கி, தீக்குச்சி இல்லாமல் தானாகவே பற்றிக்கொள்ளலாம். வெயில் கொளுத்தும் ஊரில், ஓட்டு வீட்டிலோ தகர ஷெட்டிலோ வரைபவர்கள் இதை விளையாட்டாக எடுக்கக் கூடாது. துணியைத் தனித்தனியாக விரித்து வெளியில் காயப் போடலாம். அல்லது தண்ணீர் நிரப்பிய மூடி போட்ட தகர டப்பாவில் போடலாம்.

டர்பன்டைன் ஆவி தலைவலியைத் தரும், எனவே ஜன்னல் திறந்திருக்க வேண்டும். அழுக்கான டர்பன்டைனைச் சாக்கடையில் ஊற்ற வேண்டாம். ஒரு நாள் வைத்தால் வண்டல் அடியில் தங்கிவிடும், மேலே தெளிந்ததை மறுபடியும் பயன்படுத்தலாம்.

நம்ம பக்கம் எப்போது வந்தது?

பக்கத்து விழுப்புரம் மாவட்டத்துப் பனமலையில் இருக்கும் பல்லவர் கால ஓவியம் சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டப்பட்டது, அது எண்ணெய் ஓவியம் அல்ல. ஆனால் ஆசியாவுக்கே எண்ணெய் ஓவியம் புதுசு என்றும் சொல்ல முடியாது. ஆப்கானிஸ்தானின் பாமியான் குகைகளில் 7-ம் நூற்றாண்டை ஒட்டிய சுவரோவியங்களில் காயும் எண்ணெய் கலந்திருப்பதை 2008-ல் ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள்.

இன்றைய ட்யூப் முறை ஐரோப்பியர்கள் வழியாக வந்தது. தகர ட்யூபுக்கு 1841-ல் காப்புரிமை வாங்கியவர் ஜான் ராண்ட் என்ற அமெரிக்க ஓவியர். இங்கே அந்த வித்தை லேசில் கிடைக்கவில்லை. 1848-ல் பிறந்த ராஜா ரவிவர்மாவுக்கு, திருவிதாங்கூர் அரண்மனை ஓவியர் ராமசாமி நாயக்கர் கற்றுத்தர மறுத்ததாகவும், அவருடைய சீடர் ஆறுமுகம் பிள்ளை ராத்திரியில் ரகசியமாக வந்து சொல்லிக் கொடுத்ததாகவும் அவரது வாழ்க்கை வரலாறுகள் சொல்கின்றன. அரண்மனைக்கு வந்த தியோடர் ஜென்சனும் வரைவதைப் பார்க்க மட்டுமே விட்டாராம். அதே ரவிவர்மா 1873-ல் சென்னைக் கண்காட்சியில் தங்கப் பதக்கம் வாங்கினார்.

இப்போது எங்கே கற்கலாம்?

ராத்திரியில் ரகசியமாகக் கற்க வேண்டிய நிலை இப்போது இல்லை. 1850-ல் அலெக்சாண்டர் ஹண்டர் என்ற மருத்துவர் தொடங்கிய பள்ளிதான் இன்றைய சென்னை அரசு கவின்கலைக் கல்லூரி. பிளஸ் டூ முடித்தவர்கள் 4 ஆண்டு பி.எஃப்.ஏ. படிப்பில் சேரலாம். கும்பகோணத்திலும் அரசு கவின்கலைக் கல்லூரி உண்டு. பள்ளி மாணவர்களுக்கு, கலை பண்பாட்டுத் துறையின் ஜவகர் சிறுவர் மன்றங்களில் ஓவிய வகுப்பு நடக்கிறது.

முதல் படத்தை முடித்தவர்கள் உடனே வார்னிஷ் அடித்துவிட வேண்டாம். தொட்டால் ஒட்டாத அளவுக்குக் காய சில நாளில் இருந்து சில வாரம் வரை ஆகும். உள்ளே வரை இறுக ஆறு மாதத்தில் இருந்து ஒரு வருஷம் பிடிக்கும்.