வெள்ளைப் பர்தாவில் ஒரு செம்மஞ்சள் கோடு: மருதோன்றியின் கதையும் எங்கள் தவறும்

 

பெருநாள் வந்தால் எங்கள் வீடுகளில் மருதோன்றி குழைக்காமல் இருப்பதில்லை. கைக்குப் போடுவார்கள், மிஞ்சியதைத் தலைக்குப் பூசுவார்கள். அடுத்த வாரம் தலையணை உறை, துவாய், பர்தா எல்லாவற்றிலும் செம்மஞ்சள் கறை. இது சின்ன விசயம்தானே என்று நினைக்கலாம். நாங்களும் அப்படித்தான் நினைத்திருந்தோம்.

சில வருடங்களுக்கு முன் ஒரு நோன்புப் பெருநாள் முடிந்து பாடசாலை தொடங்கிய நாள். காலையிலேயே நல்ல மழை. மேட்டிலிருந்து நடந்து வந்த ஒரு மாணவியின் வெள்ளைப் பர்தாவில் நெற்றியிலிருந்து காது வரை செம்மஞ்சள் கோடு வழிந்திருந்தது. பதினைந்து வயதுப் பிள்ளை. இளநரை இருந்ததால் உம்மா மருதோன்றி பூசி விட்டிருக்கிறார். நாங்கள் எதுவும் விசாரிக்கவில்லை. எல்லார் முன்னிலையிலும் நிற்க வைத்து, குறிப்புப் புத்தகத்தில் "உடை அசுத்தம்" என்று எழுதி அனுப்பினோம்.

அதற்கடுத்த வாரம் பிள்ளை வரவில்லை. விசாரித்தபோதுதான் தெரிந்தது. சாயம் இறங்காத மருதோன்றி வேண்டும் என்று உம்மா தேடிப்போய் "கறுப்பு மருதோன்றி" என்று ஒரு பக்கற் வாங்கிப் பூசியிருக்கிறார். இரண்டாம் நாள் கண் இமை இரண்டும் வீங்கி, தலைத்தோல் புண்ணாகி, பிள்ளை வைத்தியசாலையில். அல்ஹம்துலில்லாஹ், சுகமாகி வந்துவிட்டது. ஆனால் அந்த உம்மாவைக் கடைக்கு அனுப்பியது எங்கள் ஒரு வரிதான். அதற்குப் பிறகுதான் மருதோன்றி ஏன் சாயம் விடுகிறது, கறுப்பு மருதோன்றி எங்கிருந்து வந்தது என்று உட்கார்ந்து படித்தோம். படித்ததை இந்தப் பெருநாளுக்கு முன் உங்களோடும் பகிர்ந்துகொள்கிறோம்.

மருதோன்றி மிகப் பழைய சாயம். எகிப்தின் மம்மிகளின் முடியிலும் நகத்திலும் அதன் தடயத்தைக் கண்டிருக்கிறார்கள். அரபியில் ஹின்னா. தமிழில் மருதோன்றி, மருதாணி என்பவற்றோடு ஐவணம், அழவணம் என்ற பழைய பெயர்களும் உண்டு. 1753இல் சுவீடன் நாட்டுத் தாவரவியலாளர் லின்னேயஸ் தன் நூலில் இதற்கு லாசோனியா இனெர்மிஸ் என்று பெயர் வைத்தார். ஐசக் லாசன் என்ற வைத்திய நண்பரின் பெயர் அது. இலைக்குள் இருக்கும் சாயப்பொருளுக்கும் அதனால்தான் லாசோன் என்று பெயர்.

எங்கள் மார்க்க வரலாற்றிலும் இதற்கு இடம் இருக்கிறது. ஹிஜ்ரி 8, அதாவது கி.பி. 630, மக்கா வெற்றியின் போது அபூபக்ர் (ரலி) அவர்களின் தந்தை அபூகுஹாபா அவர்களை நபி (ஸல்) அவர்களிடம் அழைத்து வந்தார்கள். முதியவர். தலையும் தாடியும் வெள்ளைப் பூப்போல வெளுத்திருந்தன. அந்த நரையை மாற்றும்படியும், கறுப்பைத் தவிர்க்கும்படியும் நபியவர்கள் சொன்னதாக ஸஹீஹ் முஸ்லிமில் வருகிறது. அபூபக்ர் (ரலி) அவர்களும் மருதோன்றியோடு கதம் என்ற செடியைச் சேர்த்து முடிக்குச் சாயம் இட்டதாக ஹதீஸ்கள் உண்டு. ஆகவே நரைத்த தலைக்கு மருதோன்றி பூசுவது நேற்று வந்த அலங்காரம் இல்லை. வயதானவர்களுக்கும் இளநரைப் பிள்ளைகளுக்கும் அது மரியாதையான ஒரு வழியாகவே இருந்து வந்திருக்கிறது.

சரி, அது ஏன் வழிகிறது? எங்கள் ஊர்க்காரருக்கு இதை விளங்கப்படுத்துவது சுலபம். தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டி, ரோலரில் போட்டுக் கசக்குவார்கள். இலைக்குள் இருப்பது வெளியே வந்து, காற்றுப் பட்டு, பச்சை பழுப்பாக மாறும். மருதோன்றியிலும் அதே மாதிரித்தான். இலையை அரைத்துக் குழைத்ததும் லாசோன் வெளியே வருகிறது. முடி, தோல், நகம் எல்லாம் கெரட்டின் என்ற புரதத்தால் ஆனவை. லாசோன் அந்தப் புரதத்தோடு போய்ப் பிணைந்துவிடும். பிணைந்தது பிறகு லேசில் கழராது. முதல் நாள் செம்மஞ்சளாக இருந்து, இரண்டு மூன்று நாளில் காற்றுப் பட்டுச் செம்பழுப்பாக இருளும்.

ஆனால் பூசிய சாயம் முழுவதுக்கும் முடியில் இடம் கிடைப்பதில்லை. பிணையாத மிச்சமும் இலைத்தூளும் முடிக்கு இடையிலும் தலைத்தோலிலும் தங்கிவிடும். மழையோ வியர்வையோ பட்டதும் இறங்குவது அதுதான். அதாவது வழிவது மிச்சம், பிடித்தது முடியிலேயே இருக்கிறது. நன்றாக அலசினால் இரண்டு மூன்று கழுவலில் அது நின்றுவிடும்.

இந்தச் சாயம் இறங்கும் பிரச்சினையோடு எங்கள் மூதாதையர் நூற்றாண்டுக் கணக்கில் மல்லுக்கட்டியிருக்கிறார்கள், துணியில். சோழமண்டலக் கரையில் சாயவேர் என்ற செடியின் வேரிலிருந்து சிவப்பு எடுத்தார்கள். இலங்கையிலும் மன்னார், யாழ்ப்பாணப் பக்கங்களில் அந்த வேர் தோண்டப்பட்டது. ஒல்லாந்தர் அதைத் தங்கள் கட்டுப்பாட்டில் வைத்திருந்தார்கள். பருத்தித் துணி சாயத்தைத் தானாகப் பிடித்துவைக்காது. அதற்குப் படிகாரம் போட்டார்கள். படிகாரம் துணியையும் சாயத்தையும் சேர்த்துப் பிடிக்கும். பிறகு திரும்பத் திரும்ப அலசி, வெயிலில் காயவைத்து, மிச்சச் சாயத்தை முழுவதும் போக்கினார்கள். ஐரோப்பியத் துணிகள் சாயம் போன காலத்தில் நம் பக்கத்துத் துணி கழுவக் கழுவப் பளிச்சென்று இருந்தது. அந்த இரகசியத்தைத் தெரிந்துகொள்ள ஐரோப்பா ஆசைப்பட்டது. கேர்தூ என்ற பிரெஞ்சுப் பாதிரியார் 1742இல் சோழமண்டலக் கரையிலிருந்து கடிதம் எழுதி, சாயமிடும் முறையைப் படிப்படியாகத் தன் நாட்டுக்குத் தெரிவித்தார்.

இதற்கு நேர் எதிரான கதையும் ஒன்று இருக்கிறது. 1958இல் சென்னையிலிருந்து கட்டம் போட்ட கைத்தறித் துணி அமெரிக்காவுக்குப் போனது. விற்றவர் கிருஷ்ணன் நாயர், வாங்கியவர் வில்லியம் ஜேக்கப்சன் என்ற இறக்குமதியாளர். குளிர்ந்த தண்ணீரில் மென்மையாகத் துவைக்க வேண்டும் என்ற எச்சரிக்கை அங்கே உடுப்பு வாங்கியவர்களிடம் போய்ச் சேரவில்லை. துவைத்ததும் நிறங்கள் ஒன்றோடொன்று கலந்தன. சனங்கள் கொதித்துப் போனார்கள். பிறகு விளம்பரக்காரர்கள் கதையையே திருப்பிப் போட்டார்கள். இது கையால் நெய்து இயற்கைச் சாயம் இட்ட துணி, சாயம் இறங்குவதுதான் இதன் சிறப்பு, இறங்கும் என்று உத்தரவாதமே தருகிறோம் என்றார்கள். மெட்ராஸ் துணி அதன் பிறகு அங்கே பெரிய நாகரிகமாகிவிட்டது.

துணி மாறவில்லை, சாயமும் மாறவில்லை. ஒரே கறையை முதலில் குற்றம் என்றார்கள், பிறகு பெருமை என்றார்கள். எங்கள் மாணவியின் பர்தாவை நினைத்துக்கொண்டுதான் இந்தக் கதையைப் படித்தோம்.

இனி கறுப்பு மருதோன்றி. முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். சுத்த மருதோன்றி கறுப்பு நிறம் தராது. செம்மஞ்சள், சிவப்பு, செம்பழுப்பு, அவ்வளவுதான். மூலிகையால் கறுப்பு வேண்டுமென்றால் மருதோன்றிக்கு மேல் அவுரி பூச வேண்டும். அதற்கு மணிக்கணக்கு ஆகும், அதுவும் முதலில் கொஞ்சம் நீலமாக இறங்கும். அரை மணித்தியாலத்தில் கரியாகக் கறுக்கிறது, சொட்டுக்கூட இறங்கவில்லை என்றால், அதற்குள் வேறு ஒன்று இருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும்.

பெரும்பாலும் அந்த வேறொன்று பாரா ஃபெனிலின் டையமீன், சுருக்கமாகப் பிபிடி. 1863இல் ஹொஃப்மான் என்ற ஜெர்மானிய இரசாயனவியலாளர் இதை விவரித்தார். 1883இல் பிரான்சில் முடிச்சாயமாகக் காப்புரிமை பெறப்பட்டது. இருபதாம் நூற்றாண்டில் இரசாயன முடிச்சாயத் தொழில் இதன்மேல்தான் வளர்ந்தது. மிகச் சிறிய மூலக்கூறு. முடிக்குள் புகுந்து அங்கேயே பெரிதாகி மாட்டிக்கொள்ளும், அதனால்தான் இறங்குவதில்லை. ஆனால் தோலுக்குள்ளும் புகும். சிலருக்கு முதல் தடவை ஒன்றும் செய்யாது, உடம்பு அதை நினைவில் வைத்துக்கொண்டு அடுத்த தடவை எரிச்சல், கொப்புளம், வீக்கம் என்று காட்டும். 2006இல் அமெரிக்கத் தோல் ஒவ்வாமை வைத்தியர் சங்கம் இதை அந்த ஆண்டின் ஒவ்வாமைப் பொருளாக அறிவித்து எச்சரித்தது. ஐரோப்பாவில் முடிச்சாயத்தில் தலையில் படும்போது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது, தோலில் பூசவே கூடாது என்பது சட்டம். பெயரும் விபரமும் இல்லாத பக்கற்றில் எத்தனை சதவீதம் இருக்கிறது என்று யார் சொல்வது?

ஆகவே வழிகிற மருதோன்றிக்குப் பயந்து வழியாத நஞ்சுக்குப் போக வேண்டாம். வழிவதைச் சமாளிக்க வழி இருக்கிறது. எங்கள் ஊருக்கு ஏற்ற மாதிரிச் சொல்கிறோம்.

ஏறத்தாழ 1,200 மீற்றர் உயரத்தில் குளிரில் இருக்கிறோம். குளிரில் சாயம் மெதுவாகத்தான் வெளியே வரும், மெதுவாகத்தான் பிடிக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் கொஞ்சம் தேசிக்காய்ப் புளி சேர்த்துக் குழைத்து, அடுப்படிப் பக்கம் சூடான இடத்தில் வைத்து எடுங்கள். தலையில் பூசிய பின் துணியால் கட்டி, உடம்பைச் சூடாக வைத்துக்கொண்டு இரண்டு மூன்று மணித்தியாலம் பொறுங்கள். அவசரப்பட்டு அரை மணியில் கழுவினால் பிடித்தது குறைவு, மிச்சம் அதிகம். பிறகு வழியத்தான் செய்யும்.

எங்கள் பக்கம் சாயம் என்றால் பிளேன்டியும் சாயம்தான். அதையும் ஊற்றிக் குழைக்கும் பழக்கம் உண்டு. ஊற்றலாம், கெடுதல் இல்லை. ஆனால் தேயிலையின் பழுப்பு மருதோன்றி போல முடியில் பிணையாது, அதுவும் சேர்ந்துதான் இறங்கும். இரும்புச் சட்டியில் ஊறவைத்தால் வரும் கருமையிலும் பெரும்பகுதி மேற்பூச்சுத்தான்.

அலசுவதுதான் முக்கியம். பீலியில் ஒரு தடவை தலையைக் காட்டிவிட்டு வந்தால் போதாது. முதலில் ஒரு வாளித் தண்ணீரில் தலையை அமிழ்த்தி இலைத்தூளை ஊறவிடுங்கள். பிறகு கண்டிஷனர் இருந்தால் அதைத் தடவி விரலால் கோதி, தண்ணீர் தெளியும்வரை அலசுங்கள். முதல் இரண்டு நாள் ஷாம்பு வேண்டாம், நிறம் முற்றட்டும். அந்த இரண்டு இரவும் தலையணையில் பழைய துணி, மழையில் வெளியே போனால் உள்ளே கறுப்புத் தொப்பி. வெள்ளிக்கிழமை பின்னேரம் பூசினால் திங்கட்கிழமைக்குள் அநேகமாக அடங்கிவிடும்.

கறை பட்டுவிட்டால், துணியைப் பாருங்கள். மருதோன்றி பிணைவது புரதத்தோடு. பருத்தி புரதம் இல்லை, ஆகவே காய முன்னம் குளிர்ந்த தண்ணீரில் சவர்க்காரம் போட்டுக் கசக்கி வெயிலில் போட்டால் பெரும்பாலும் போய்விடும். கம்பளியும் பட்டும் முடி போலவே புரதம். சுவெட்டர், மப்ளர், கம்பளித் தொப்பி, கல்யாணப் பட்டு ஆகியவற்றில் பட்டால் அது கறை இல்லை, சாயமே ஏறிவிட்டது என்று அர்த்தம். குளிர் ஊரில் இதைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும்.

பெண்கள் அடிக்கடி கேட்கும் கேள்வி ஒன்றும் இருக்கிறது. மருதோன்றியின் நிறம் வுழூவுக்குத் தடை இல்லை. தண்ணீர் படாமல் மறைக்கும் அளவுக்கு விழுது காய்ந்து ஒட்டியிருந்தால்தான் அதை அகற்ற வேண்டும். உடுப்பில் பட்ட மருதோன்றிக் கறை நஜீஸும் இல்லை. அதோடு தொழலாம்.

இதைப் படித்தபோதுதான் எங்களுக்குச் சுருக்கென்றது. தொழுகைக்கே தடையில்லாத ஒரு கறையை நாங்கள் அசுத்தம் என்று எழுதியிருக்கிறோம். பிள்ளை திரும்பி வந்த அன்று எந்த இடத்தில் நிற்க வைத்தோமோ அதே இடத்தில், எல்லார் முன்னிலையிலும் மன்னிப்புக் கேட்டோம். குறிப்புப் புத்தகத்தில் அந்த வரியை வெட்டிக் கையொப்பம் இட்டோம். பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, தலையை மட்டும் ஆட்டியது. இளநரையோடுதான் இப்போதும் இருக்கிறது, மருதோன்றிதான் பூசுகிறது.

சக ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெருநாள், தீபாவளி, கல்யாணம் என்று எந்த வீட்டுப் பிள்ளை மருதோன்றிக் கறையோடு வந்தாலும் ஒரு வாரம் பொறுங்கள். உம்மாமாருக்கும் அம்மாமாருக்கும் ஒரு வேண்டுகோள். "கறுப்பு" என்று எழுதிய பக்கற்றைப் பிள்ளையின் கையிலும் தலையிலும் வைக்காதீர்கள். எப்போதோ வைத்து எரிச்சல், வீக்கம் வந்திருந்தால் உடனே நிறையத் தண்ணீரில் கழுவி வைத்தியரிடம் காட்டுங்கள். மூச்சு முட்டினால் ஒரு நிமிடமும் தாமதிக்க வேண்டாம். இன்னொரு முறை எந்த முடிச்சாயம் வாங்கினாலும் இந்த ஒவ்வாமையைக் கட்டாயம் சொல்லுங்கள்.

கறை துவைத்தால் போகும். பிள்ளையின் மனதில் நாங்கள் போட்டது போனதா என்று அல்லாஹ்வே அறிவான்.

எல்லோருக்கும் முன்கூட்டிய பெருநாள் வாழ்த்துகள். வஸ்ஸலாம்.