பெட்டியடிப் பையனும் மூன்று வருஷக் கணக்கும்

கம்பளைக் கடைகளில் கணக்கு எழுதியே என் காலம் போனது. மிளகும் கராம்பும் வாங்கி விற்கும் இளைஞர்கள் இப்போது வந்து, "ஐயா, டுபாயில ஒரு கிளை போடலாமா?" என்று கேட்கிறார்கள். முதல் எவ்வளவு என்று நான் விசாரிப்பதில்லை. அங்கே உங்களுக்காகக் கையெழுத்துப் போடப்போவது யார் என்றுதான் கேட்பேன். செட்டிநாட்டிலிருந்து இங்கே வந்து வட்டிக்கடை நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் சரித்திரம் படித்ததிலிருந்து வந்த கேள்வி இது.

1874இல் ரயில் கம்பளையைத் தாண்டி நாவலப்பிட்டிவரை போய்விட்டது. தோட்டங்களுக்கு அரிசியும் துணியும் ஏறின. சில்லறைக் கடைக்காரனுக்கு வெள்ளைக்கார வங்கி நேரே கடன் கொடுக்காது, செட்டியாருக்குக் கொடுக்கும். அவர் கொழும்புச் செட்டியார் தெருவில் வாங்கியதை உள்ளூருக்குக் கடனாகத் திருப்பிவிடுவார்.

செட்டியார்மீது வங்கி வைத்த அந்த நம்பிக்கை சும்மா வரவில்லை. செட்டிநாட்டுப் பையன் சிறுவயதிலேயே முந்திரி, காணி, மா என்று பின்ன வாய்பாட்டை மனப்பாடம் செய்வான். முந்திரி என்றால் 320இல் ஒன்று. அந்த நுணுக்கம்வரை வட்டியை வாயாலேயே போடவேண்டும். பிறகு கடல்தாண்டி வந்து, கடையின் கீழ்நிலை வேலைக்காரனான பெட்டியடிப் பையனாக இருந்து, மேலாளுக்கு உதவும் அடுத்தாளாகி, கடைசியில்தான் முதலாளிக்காகக் கடையை நடத்தும் மேலாள். அற்றோர்னித் தத்துவம் கையில் இருந்தாலும் மேலாளின் தவணை பெரும்பாலும் மூன்று வருஷமே. பேரேட்டை முடித்து, ஐந்தொகை போட்டு, வாராக் கடன் எது என்பதையும் அடுத்து வருபவரிடம் விளங்கப்படுத்திவிட்டே கப்பலேறுவார். முதலாளி காரைக்குடிப் பக்கம் இருந்தபடியே கடையின் நாடியைப் பிடித்துவிடுவார். எனக்கு இந்த முறைமீது உள்ள மரியாதை இன்னும் குறையவில்லை: பிறத்தியார் ஊரில் தன் பணத்தைத் தூரத்திலிருந்து காக்கும் வழியை அவர்கள் ஏட்டிலேயே கட்டிவைத்தார்கள்.

ஆனாலும் ஏடு காட்டாதவையும் உண்டு. 1925இல் கொழும்பில் சில செட்டியார் கடைகள் நொடித்ததும் வங்கிகள் கையை இழுத்துக்கொண்டன. 1929க்குப் பின் விலை சரிந்தபோது, அடகு வைத்த தோட்டங்கள் பணத்துக்குப் பதிலாக அவர்கள் தலையில் விழுந்தன. வட்டிக்காரர் நிலக்காரரானார். சுதந்திரத்துக்குப் பின் வந்த குடியுரிமைச் சட்டமும் விசாவும் அந்நியச் செலாவணிக் கட்டுப்பாடும் அவர்களை நெருக்கின. 1970களில் காணிச் சீர்திருத்தம் வந்து, மிஞ்சியிருந்த தோட்டங்களில் பலவும் அரசாங்கத்திடம் போயின.

அதனால் அந்த இளைஞர்களிடம் இன்னும் இரண்டு கேட்பேன்: அந்த ஊர்ச் சட்டப்படி கடை யார் பேரில் இருக்கும்? இலாபத்தை இங்கே கொண்டுவர எந்த வங்கியில் என்ன அனுமதி வேண்டும்? பதில் தெரிந்த பிறகு வாருங்கள், கணக்குப் போட்டுத் தருகிறேன் என்கிறேன்.