பிளாந்தின் எழுத்தின் வரலாறு

ஆங்கில நூல்களையும் திங்களிதழ்களையும் படிக்கும் நம் பங்கு மக்கள் பலர் 'பிளாந்தின்' என்னும் அச்செழுத்தின் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆயினும் அதன் வழிவந்த எழுத்தைக் கண்ணால் காணாதவர் நம்மில் மிகச் சிலரே. தலையிலும் காலிலும் சிறு குறுக்குக் கோடுகளைத் தாங்கி நிற்கும் மரபான உரோமன் எழுத்து வகையைச் சேர்ந்தது இது. நீண்ட பக்கங்களைச் சோர்வின்றிப் படிக்க ஏற்றதென அச்சகத்தார் நெடுங்காலமாகப் போற்றும் வகை. இதன் வரலாறு திருச்சபையின் நூல்களோடும் பின்னிக் கிடக்கிறது.

கிறிஸ்தோப் பிளாந்தின் பிரெஞ்சு நாட்டில் பிறந்து, ஆன்ட்வெர்ப் நகரில் குடியேறியவர். முதலில் நூல் கட்டுநராக இருந்தார். ஆள் மாறாட்டத்தால் ஒரு நாள் இரவு கத்திக்குத்துக்கு ஆளாகி, அக்காயத்தால் கட்டட வேலையைக் கைவிட்டு அச்சுத் தொழிலில் இறங்கினார் என்பது குடும்ப வழக்கு. 1555-ல் அவரது முதல் நூல் வெளிவந்தது. 1562-ல் திருச்சபைக்கு மாறான சிறுநூல் ஒன்று அவர் அச்சகத்தில் அச்சாயிற்று என்ற குற்றச்சாட்டு எழுந்து, உடைமைகள் ஏலத்திற்குப் போயின. அடுத்த ஆண்டே மீண்டும் எழுந்து நின்றார். "உழைப்பும் உறுதியும்" என்பதே அவர் தம் அச்சகத்திற்குச் சூட்டிய இலக்கு மொழி.

ஸ்பெயின் மன்னர் இரண்டாம் பிலிப்பின் ஆதரவில், 1568-ல் தொடங்கி, பல மொழி விவிலியத்தை எட்டுத் தொகுதிகளாக அச்சிட்டார். எபிரேயம், அரமேயம், சிரியாக், கிரேக்கம், இலத்தீன் ஆகிய ஐந்து மொழிகளும் அதில் அணிவகுத்தன. திரெந்துப் பொதுச்சங்கத்திற்குப் பின் புனித ஐந்தாம் பத்திநாதர் திருத்தி வெளியிட்ட கட்டளைச் செப நூலும் திருப்பலி நூலும் இவரது அச்சகத்திலிருந்தே ஸ்பெயின் நாட்டிற்குப் பெருமளவில் சென்றன. 1570-களின் நடுவில் 16 அச்சுப்பொறிகளும் ஐம்பதுக்கு மேற்பட்ட தொழிலாளரும் அங்கிருந்தனர்.

இத்தகைய நூல்களுக்கு எழுத்து வெட்டித் தந்தவர்களுள் தலைசிறந்தவர் ராபர்ட் கிரான்ஜோன். எஃகு முனையில் ஒவ்வோர் எழுத்தையும் தலைகீழாகச் செதுக்கி, அதைச் செம்பில் அடித்துக் குழியாக்கி, குழியில் ஈயக் கலவையை வார்த்து எழுத்தெடுப்பது அக்கால முறை. விவிலியத்திற்கான சிரியாக் எழுத்துகளையும் அவரே வெட்டினார். 1578-ல் உரோமைக்குச் சென்று அரபு முதலிய கீழ்த்திசை எழுத்துகளையும் வெட்டினார்.

1576 நவம்பரில் ஊதியம் கிட்டாத ஸ்பெயின் படைவீரர் ஆன்ட்வெர்ப் நகரைச் சூறையாடினர். பிளாந்தின் தம் இல்லத்தைக் காக்கப் பலமுறை பணயப் பணம் கொடுக்க நேர்ந்தது. மன்னரிடமிருந்து வரவேண்டிய தொகையும் முழுமையாக வரவில்லை. கடன்சுமையோடு உழைத்து 1589-ல் அவர் கண்மூடினார். மருமகன் யான் மொரேத்தசின் வழித்தோன்றல்கள் 1876 வரை அச்சகத்தைக் காத்து, பின் நகராட்சிக்கு விற்றனர். அடுத்த ஆண்டு அது அருங்காட்சியகமாயிற்று. 4,000-க்கு மேற்பட்ட எஃகு முனைகளும் 15,000-க்கு மேற்பட்ட செம்புக் குழிகளும் அங்குள்ளன. 2005-ல் யுனெஸ்கோ அதை உலக மரபுச் சொத்தாக அறிவித்தது.

அச்சேமிப்பின் பயன் 1913-ல் வெளிப்பட்டது. இங்கிலாந்தின் மோனோடைப் நிறுவனத் தொழிற்சாலையை நடத்திய பிராங்க் பியர்பான்ட், அருங்காட்சியகத்திலிருந்த கிரான்ஜோனின் எழுத்தொன்றை மாதிரியாகக் கொண்டு புதிய எழுத்தை உருவாக்கினார். வழவழப்பான தாளில் மை பரவாது. மெல்லிய எழுத்து அதில் வெளிறித் தோன்றும். ஆகவே எழுத்தைத் தடிப்பாக்கி, மேலும் கீழும் நீளும் கோடுகளைக் குறுக்கினார். பக்கத்தில் வரிகள் மிகுதியாக அடங்கின; படிப்பதும் எளிதாயிற்று. அதற்குப் 'பிளாந்தின்' என்று பெயரிட்டனர். வியப்பு என்னவெனில், மாதிரியான அவ்வெழுத்தைப் பிளாந்தின் தம் வாழ்நாளில் பயன்படுத்தவில்லை. அவர் காலத்திற்குப் பிறகே அது அவ்வச்சகத்தில் வழங்கியது. வெட்டிய கிரான்ஜோனின் பெயர் மறைந்து, காத்த இல்லத்தின் பெயர் நிலைத்தது.

பின்னர், கத்தோலிக்கத்தைத் தழுவியவரான ஸ்டான்லி மாரிசன், லண்டன் 'டைம்ஸ்' நாளிதழுக்குப் புதிய எழுத்தமைக்க முற்பட்டபோது, பிளாந்தினையே அடிப்படையாகக் கொண்டார். ஓவியர் விக்டர் லார்டென்ட் வரைந்த அவ்வெழுத்து, 1932 அக்டோபர் 3 அன்று நாளிதழில் அரங்கேறியது. அதுவே 'டைம்ஸ் நியூ ரோமன்'. 1992 முதல் விண்டோஸ் கணினிகளோடு சேர்ந்து உலகெங்கும் பரவி, நம் பிள்ளைகளின் விண்ணப்பங்கள் வரை வந்துவிட்டது.

பழைய குழிகளை ஈயக்காரனுக்கு எடைக்குப் போட்டிருந்தால் இத்தொடர்ச்சி அறுந்திருக்கும். மொரேத்தஸ் குடும்பத்தார் மூன்று நூற்றாண்டுகள் அப்படிச் செய்யவில்லை. நம் பங்கின் பழைய ஞானஸ்நானப் பதிவேடுகளும் கையெழுத்துப் பாடல் ஏடுகளும் அவ்வாறே காக்கப்பட வேண்டியவை. அவற்றால் யாருக்கு என்ன பயன் விளையும் என்பதை இன்று நாம் முடிவுசெய்ய இயலாது. பத்திரப்படுத்திக் கையளிப்பதே நம் கடமை.