பழுதறிதல் என்னும் அறிவு: புனேயின் பழைய கணினிகளை முன்வைத்து

புனே நகரின் கணினி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஒரே புள்ளியிலிருந்து தொடங்குகின்றனர். இந்தியா கேட்ட உயர்திறன் கிரே கணினியைத் தர அமெரிக்கா தயங்கியது; அந்தப் பின்னணியில் 1988 இல் சி-டாக் நிறுவப்பட்டது; விஜய் பட்கர் தலைமையில் 1991 இல் பரம் 8000 உருவாயிற்று. அதே ஆண்டுகளில், அதே நகரின் பழைய பகுதியான மங்கள்வார் பேட்டையில், கைலாஷ் காட்கர் என்பவர் கால்குலேட்டர்களைப் பழுதுபார்க்கும் சிறு கடையொன்றை நடத்திக்கொண்டிருந்தார். அவரது பள்ளிக் கல்வி பத்தாம் வகுப்போடு நின்றிருந்தது. முதல் வரலாறு அறிவியல் வரலாறாகப் பேசப்படுகிறது. இரண்டாவது, வணிக இதழ்களில் தொழில்முனைவோர் ஒருவரின் வெற்றிக் கதையாக மட்டும் சொல்லப்படுகிறது. அந்தக் கடையின் பழுதுபார்க்கும் மேசையில் நிகழ்ந்ததும் அறிவியல்தான் என்ற கோணத்தில் அதை அணுகுவோர் அரியர்.

அம்மேசைக்கு வரும் பழைய மேசைக் கணினியின் குறை பெரும்பாலும் ஒரே வாக்கியத்தில் சொல்லப்படும்: “ஓடிக்கொண்டே இருக்கும்போது நின்றுவிடுகிறது.” சுட்டி அசையாது, விசைப்பலகை பதில் தராது, சிலவேளை இயந்திரம் தானாக மீண்டும் தொடங்கும், சிலவேளை நீலத்திரை தோன்றும். முற்றிலும் இயங்காத கணினியைப் பழுதுபார்ப்பது எளிது, ஏனெனில் குறை எப்போதும் கண்முன் இருக்கிறது. இடையிடையே உறையும் கணினியோ, சோதிப்பவரின் முன்னால் ஒழுங்காக இயங்கிவிட்டு வீடு திரும்பியதும் மீண்டும் நிற்கும். எனவே பழுதுபார்ப்பவருக்கு ஒரு வினாவரிசை தேவைப்பட்டது. முதலில் எஸ்.எம்.பி.எஸ். தரும் மின்னழுத்தம், அடுத்து தூசி, விசிறி, வெப்பம், பிறகு மதர்போர்டிலுள்ள மின்தேக்கிகளின் தலைப்பகுதி, அதன்பின் நினைவகப் பட்டைகள் (அவற்றின் பொன்முலாம் பூசிய விளிம்பைப் பள்ளிக்கூட அழிப்பானால் தேய்ப்பது இந்தியாவெங்கும் காணப்படும் வழக்கம்), கடைசியாக வன்தட்டு, இயக்கி மென்பொருள், வைரஸ். புனேயின் பாணேரிலும் சென்னை ரிச்சி தெருவிலும் டில்லி நேரு பிளேஸிலும் இவ்வரிசை ஏறக்குறைய ஒன்றுதான். இது ஒரே நாளில் வகுக்கப்பட்டதன்று. கணினி வரலாற்றின் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு உறுப்புகள் பழுதாயின. அந்த அனுபவங்கள் படிவப் பாறைகளைப்போல் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்ததன் விளைவே இவ்வரிசை.

அடித்தட்டில் இருப்பவை வால்வுகள். மும்பையில் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில், சென்னையில் பிறந்த ஆர். நரசிம்மன் தலைமையிலான குழு உருவாக்கிய டிஃப்ராக் 1960 இல் இயங்கத் தொடங்கியது. அதில் ஏறத்தாழ 2,700 வால்வுகள் இருந்தன. ஒரு வால்வின் சராசரி ஆயுள் 10,000 மணி நேரம் என்று தாராளமாக வைத்துக்கொண்டாலும், ஏறக்குறைய நான்கு மணிக்கு ஒன்று பழுதாகும் என்று கணக்கு சொல்கிறது. இத்தகைய இயந்திரத்தைப் பயன்படுத்துவதும் பழுதுபார்ப்பதும் தனித்தனித் தொழில்களாகப் பிரிய இயலாது. அமெரிக்காவின் வேர்ல்விண்ட் கணினியில் 1950களிலேயே ஒரு முறை கையாளப்பட்டது: மின்னழுத்தத்தை வேண்டுமென்றே மாற்றி, விரைவில் சாகவிருக்கும் வால்வைப் பணிநேரத்துக்கு முன்பே வெளிக்கொணர்வது. இன்று இரவு முழுவதும் நினைவகச் சோதனை ஓடவிடுபவர் செய்வதும் அடிப்படையில் இதுவே. பழுது தானாக வரும்வரை காத்திராமல் அதை வரவழைப்பது.

அடுத்த அடுக்கு அரசியல் கலந்தது. 1959 இல் அறிமுகமான ஐ.பி.எம். 1401, 1964 இல் அதே நிறுவனத்தின் சிஸ்டம்/360 வந்தபின் மேலைநாடுகளில் பழமையாகிவிட்டது. அப்படி வழக்கொழிந்த இயந்திரங்கள் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்டு, மும்பையிலிருந்த தொழிற்சாலையில் சீரமைக்கப்பட்டு, வாடகைக்கு விடப்பட்டன. இது கடும் விமர்சனத்துக்கு உள்ளாயிற்று, அவ்விமர்சனம் நியாயமானதே. ஆயினும் ஒரு பக்கவிளைவைக் கவனிக்கவேண்டும்: தேய்ந்த இயந்திரத்தைப் பிரித்து, சோதித்து, மீண்டும் இணைத்து ஓடவைக்கும் திறன் இந்தியப் பொறியாளர்களின் கைகளில் சேர்ந்தது. 1973 இன் அந்நியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் கோரியபடி பங்குரிமையைக் குறைக்க மறுத்து 1978 இல் ஐ.பி.எம். வெளியேறியபோது, அதன் பழைய கணினிகள் நாடெங்கும் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் ஓடிக்கொண்டிருந்தன. அவற்றைப் பராமரிக்கும் பொறுப்பை, 1975 இறுதியில் பதிவுசெய்யப்பட்டிருந்த கம்ப்யூட்டர் மெயின்டனன்ஸ் கார்ப்பரேஷன் என்னும் அரசு நிறுவனம் ஏற்றது. பிற வெளிநாட்டு நிறுவனங்களின் கணினிகளும் பின்னர் அதன் பொறுப்பில் வந்தன.

பெயரிலேயே ‘பராமரிப்பு’ என்பதைத் தாங்கிய அந்நிறுவனத்தின் இடம் இந்தியக் கணினி வரலாற்றில் போதிய அளவு உணரப்படவில்லை. ஓர் உற்பத்தியாளரின் பொறியாளருக்குத் தம் நிறுவனத்தின் இயந்திரம் தெரிந்தால் போதும். இவர்களோ பல நிறுவனங்களின் இயந்திரங்களை அறிந்திருக்கவேண்டியிருந்தது. அந்த அகலமே பின்னர் வேறு வடிவில் பயன்பட்டது: 1980களின் நடுப்பகுதியில் டில்லியில் தொடங்கிய ரயில்வே கணினி முன்பதிவு அமைப்பை உருவாக்கியது இதே நிறுவனம்தான். 1984 இல் தன் பெயரை சி.எம்.சி. எனச் சுருக்கிக்கொண்டபோது ‘பராமரிப்பு’ என்ற சொல் மறைந்தது. பழுதுபார்த்தலிலிருந்து வந்தோம் என்று சொல்லிக்கொள்வதைவிடச் சுருக்கெழுத்து கௌரவமாகத் தோன்றியிருக்கலாம்.

மங்கள்வார் பேட்டைக் கடை சாத்தியமானதற்கும் ஐ.பி.எம்.மே மறைமுகக் காரணம் என்பது வரலாற்றின் குறும்பு. இந்தியாவைவிட்டு வெளியேறிய மூன்றாம் ஆண்டில், 1981 இல், அது வெளியிட்ட தனிநபர் கணினியின் தொழில்நுட்பக் கையேட்டில் சுற்று வரைபடங்களும் பயாஸ் நிரலும் அச்சாகியிருந்தன. அதனைப் பின்பற்றிய நகல் கணினிகளைத் திருப்புளி கொண்டு எவரும் திறக்கலாம். 1990களில் இந்திய நகரங்களில் பெருகிய ‘அசெம்பிள்டு’ கணினிகளும் அவற்றுக்கான பழுதுபார்க்கும் கடைகளும் இத்திறந்த அமைப்பின் வாரிசுகள்.

கால்குலேட்டரிலிருந்து கணினிக்கு வந்த காட்கரின் கடையில் ஒரு புதுவகைச் சிக்கல் தலைகாட்டியது. உறுப்புகள் அனைத்தும் சரியாக இருந்தும் கணினி உறைந்தது. காரணம், ஃபிளாப்பித் தகடுகள் வழியே பரவிய வைரஸ்கள். இவற்றில் முன்னோடியான ‘பிரெய்ன்’ 1986 இல் லாகூரிலிருந்து புறப்பட்டது. அதை எழுதிய சகோதரர் இருவர் தம் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் நிரலுக்குள்ளேயே பொறித்திருந்தனர். 1991 இல் கண்டறியப்பட்ட ‘மைக்கலாஞ்சலோ’ மார்ச் 6 அன்று வன்தட்டின் தரவை அழித்தது. பழுதுபார்ப்பவருக்கு இது தொழில்முறைச் சவால்: நேற்றுச் சரிசெய்த இயந்திரம் அடுத்த வாரம் அதே குறையோடு திரும்புகிறது. கணினி அறிவியல் பயின்றுகொண்டிருந்த தம்பி சஞ்சய் காட்கர் இதற்காக எழுதிய சிறு கருவிகள் 1995 அளவில் ‘குயிக் ஹீல்’ என்னும் மென்பொருளாயின. 2016 இல் அந்நிறுவனம் பங்குச் சந்தைக்கு வந்தது. வெற்றிக் கதையில் வழக்கமாக விடுபடுவது இதுதான்: வன்பொருளை ஒவ்வொன்றாக ஐயத்திலிருந்து விடுவிக்கத் தெரிந்த ஒருவர் அருகில் இருந்ததால்தான், எஞ்சிய குறை நிரலில் இருக்கிறது என்ற முடிவுக்கு வரமுடிந்தது.

இந்த ‘விடுவித்தல்’ முறை தத்துவ மாணவர்களுக்குப் புதிதன்று. இரண்டு நினைவகப் பட்டைகளில் ஒன்றைக் கழற்றி ஓடவிட்டு, பிறகு மற்றதை மாற்றிப் பார்ப்பது, ஜான் ஸ்டூவர்ட் மில் 1843 இல் விவரித்த வேறுபாட்டு முறையேதான். அதற்கு நல்ல காரணமும் உண்டு. 1978 இல் இன்டெல் நிறுவனத்தின் திமோதி மே, மர்ரே வுட்ஸ் ஆகியோர், சில்லுகளைப் பொதிந்த பீங்கானில் இருந்த நுண்ணளவு யுரேனியமும் தோரியமும் வெளியிடும் ஆல்ஃபா துகள்கள் நினைவகத்தின் துணுக்குகளைப் புரட்டிவிடுகின்றன என்று காட்டினர். அதன்பின் பல ஆண்டுகள், நினைவகப் பிழை என்பது தற்செயலாக வந்துபோவது என்ற எண்ணம் வலுப்பெற்றது. கூகுள் சேவையகங்களை ஆராய்ந்த 2009 இன் ஆய்வு வேறு சித்திரத்தைத் தந்தது: ஓராண்டில் ஏறத்தாழ 8 விழுக்காட்டுப் பட்டைகளில் பிழைகள் பதிவாயின, அவற்றில் பெரும்பகுதி பட்டையிலேயே தங்கிய நிலையான பழுதைச் சுட்டியது. அதாவது, பட்டையை மாற்றிப் பார்க்கும் கடைக்காரரின் உள்ளுணர்வு சரியாகவே இருந்தது.

மின்தேக்கிகளின் அடுக்கு இன்னும் அண்மையது. 1990களின் இறுதியிலிருந்து சில ஆண்டுகள் தயாரான மதர்போர்டுகளில் தரமற்ற மின்பகு திரவம் நிரப்பிய மின்தேக்கிகள் பெருமளவில் இடம்பெற்றன. திரவம் சிதைந்து வாயு உண்டாகும். அலுமினியத் தலை உப்பும். பழுப்பு நிறக் கசிவு வழியும். செயலிக்குச் செல்லும் மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வதே மின்தேக்கியின் பணி. அது தளர்ந்தால் செயலிக்கு அலைவுறும் மின்சாரம் செல்லும். கணினி காரணமின்றி நின்றதுபோல் தோன்றும். 2003 மே முதல் 2005 ஜூலை வரை டெல் நிறுவனம் அனுப்பிய ஏறத்தாழ 1 கோடியே 18 லட்சம் கணினிகள் இந்த அபாயத்துக்கு உட்பட்டிருந்தன என்பது 2010 இல் வெளிவந்த நீதிமன்ற ஆவணங்களால் தெரிந்தது. திரவத்தின் வாய்பாடு திருடப்பட்டு அரைகுறையாகப் பிரதிசெய்யப்பட்டதே காரணம் என்ற கதை பரவலாக இருந்தாலும், அதை முழுமையாக நிறுவப்பட்டதாகக் கொள்வதற்கில்லை.

இங்கே தட்பவெப்பம் குறுக்கிடுகிறது. வெப்பம் 10 டிகிரி உயர்ந்தால் மின்தேக்கியின் ஆயுள் பாதியாகும் என்பது பொறியாளர்களின் நடைமுறை விதி. 105 டிகிரியில் 2,000 மணி நேரம் எனக் குறிக்கப்பட்ட ஒன்று, 65 டிகிரியில் 32,000 மணி நேரம் உழைக்கும். 75 டிகிரியில் 16,000 மணி நேரம்தான். குளிரூட்டப்பட்ட அலுவலகத்தில் பத்தாண்டு ஓடக்கூடிய அதே கணினி, ஏப்ரல் மாத புனேயின் மூடிய அறையிலோ சித்திரை வெயிலின் மதுரையிலோ பாதி வழியில் தளர்வதற்கு இதுவே விளக்கம். விசிறியின் தூசியைத் தட்டுவது தூய்மைப் பழக்கம் மட்டுமன்று; அது ஆயுள் கணக்கு.

மேலடுக்கு இயக்கி மென்பொருள்களுடையது. விண்டோஸ் எக்ஸ்பியின் செயலிழப்புகளில் 85 விழுக்காடு இயக்கிகளால் நேர்ந்தவை என 2003 இன் ஓர் ஆய்வுக் கட்டுரை குறிப்பிட்டது. பழைய ஒளிப்பட அட்டைக்குப் புதிய இயக்கி பொருந்தாமல் நீலத்திரை வருவது இவ்வகை. இதில் பழுதுபார்ப்பவரின் பங்கு குறைவு. நிறுவனம் எழுதுவதை நிறுவ முடியும், திருத்த முடியாது.

ஹிஞ்சவாடி மென்பொருள் பூங்கா எழுந்தபின் பாணேர் ஒரு கிராமம் என்ற நிலையிலிருந்து அடுக்ககங்களின் புறநகராக மாறியது. பக்கத்துப் பாஷாணில் சி-டாக் வளாகம் இருக்கிறது. இத்தகைய புறநகர்களின் வீடுகளில் எஞ்சியிருக்கும் பழைய மேசைக் கணினிகள் இப்போது வேறொரு வகையில் நிறுத்தப்படுகின்றன. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான பொது ஆதரவு முடிந்தது. அடுத்த பதிப்பு கோரும் டி.பி.எம். 2.0 பாதுகாப்புச் சில்லு பல பழைய மதர்போர்டுகளில் இல்லை. மின்தேக்கி உப்பாத, நினைவகம் பழுதாகாத இயந்திரமும் இதனால் மின்கழிவுப் பட்டியலை நெருங்குகிறது. பழுதறிதலின் வினாவரிசையில் இதற்கு ஒரு படி கிடையாது, ஏனெனில் இயந்திரத்தில் பழுது இல்லை.

நுகர்வோர் விவகாரத் துறை பழுதுபார்க்கும் உரிமைக்கான குழுவை 2022 ஜூலையில் அமைத்தபோது நான்கு துறைகளை முன்னிலைப்படுத்தியது: வேளாண் கருவிகள், கைபேசிகளும் கைக்கணினிகளும், வீட்டு உபயோகப் பொருள்கள், வாகனங்கள். மேசைக் கணினி அப்பட்டியலில் தனியே பெயர் பெறவில்லை. நான்கு திருகுகளைக் கழற்றினால் திறந்துகொள்ளும் பெட்டிக்கு அத்தகைய உரிமையைக் கேட்டுப் பெறவேண்டிய தேவை அதுவரை எவருக்கும் எழுந்ததில்லை.