திரைப்படக் கருத்துநிலையும் தோட்டத் தொழிலாளரும்

திரைப்படம் தன் கருத்துநிலையை உரையாடலால் மட்டும் உணர்த்துவதில்லை; முரண்பாட்டை யார் தீர்த்துவைக்கின்றார் என்பதாலும் உணர்த்துகின்றது. 'பராசக்தி' (1952) திராவிட இயக்கத்தின் சமூகக் கண்டனத்தை நீதிமன்ற உரையாக்கியது. 'நாடோடி மன்னன்' (1958) சீர்திருத்தத்தை அரியணையேறிய நாயகனின் கொடையாகக் காட்டியது.

ரிவர்ஸ்டன் மலைச்சாரல் உள்ளிட்ட மாத்தளைத் தோட்டப்புற மக்களை நோக்குகையில் இவ்வினா கூர்மை பெறுகின்றது. 1948ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் மலையகத் தொழிலாளருட் பெரும்பாலாரை நாடற்றோராக்கியது. அவர்கள் திரையிற் கண்ட நாடோ பெரும்பாலும் தமிழகமே.

1975இல், தொழிற்சங்கத் தலைவர் வி. பி. கணேசன் தயாரித்து நடித்த 'புதிய காற்று' தோட்ட வாழ்வைத் திரைக்குக் கொணர்ந்தது. இது ஒரு வரலாற்று முன்னேற்றம் என்பதை நாம் மறுப்பதற்கில்லை. எனினும் சங்கத் தலைவரே நாயகனாகவும் தோன்றுகையில், கூட்டுப் போராட்டத்தின் பேறு தனியொருவரின் அருளாக விளங்கிக்கொள்ளப்படும் வாய்ப்புண்டு.

அதே ஆண்டிற் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாயின. உடைமையாளர் மாறினர், லயன் அறைகள் மாறவில்லை. நாயகன் மாறுவதும் உற்பத்தி உறவுகள் மாறுவதும் ஒன்றல்ல என்பதைத் திரைக்கு வெளியே வரலாறு உணர்த்தியது. எனவே, திரையில் தொழிலாளி தோன்றுகின்றானா என்பதோடு, அங்கு அவன் வரலாற்றை இயக்குபவனாகத் தோன்றுகின்றானா என்பதையும் நாம் வினவுதல் வேண்டும்.