கோபுரம், ரேஷன் கார்டு, பின்கோடு: செங்கல்பட்டு பக்கம் டிவி வாங்கிய வரலாறு

டிவி வாங்கப் போறோம்னா இன்னிக்கு ரெண்டே கேள்விதான். எத்தனை இன்ச்? எங்கே வாங்கறது? செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம், மாமல்லபுரம் பக்கம் தீபாவளி நெருங்கும்போது எந்த வீட்டுக்குப் போனாலும் இந்தப் பேச்சு ஓடும். எனக்கு இதில் பிடித்த விஷயம், இந்த இரண்டு கேள்வியையும் கேட்கும் வசதி நமக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை என்பதுதான். நாற்பது வருஷத்துக்கு மேல் நம் வீட்டு டிவியின் அளவையும் வடிவத்தையும் கடையையும் பெரும்பாலும் வேறு யாரோ முடிவு செய்தார்கள். முதலில் சென்னையில் நின்ற ஒரு கோபுரம், பிறகு அரசாங்கம், பிறகு வரி. அந்தக் கதை தெரிந்தால் கடையில் நிற்கும்போது கொஞ்சம் உதவும். அதற்காக இந்தக் குறிப்பு.

கோபுரம் எட்டிய தூரம்

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று ஒளிபரப்பைத் தொடங்கியது. கறுப்பு வெள்ளை, ஒரே சேனல். நகரத்துக்குள் இருந்தவர்களுக்கு எந்த டிவி வாங்குவது என்பது கேள்வி. நம்ம பக்கம் கேள்வியே வேறு: படம் வருமா?

டிவி அலை ஏறக்குறைய நேர்கோட்டில் போகும், பூமியோ வளைந்தது. உதாரணத்துக்கு, 100 மீட்டர் உயரக் கோபுரத்திலிருந்து கிளம்பும் அலை சுமார் 41 கிலோமீட்டர் வரை எட்டும். வீட்டு மாடியில் 10 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்தால் இன்னொரு 13 கிலோமீட்டர் சேரும். மொத்தம் 54. சேப்பாக்கத்திலிருந்து நேர்கோட்டில் அளந்தால் செங்கல்பட்டும் மாமல்லபுரமும் ஐம்பதை ஒட்டித்தான் வருகின்றன. அதாவது விளிம்பில் இருக்கிற ஊர்கள். மாடியில் இன்னும் ஒரு குழாய் சேர்த்து நிறுத்தினால் படம், இல்லாவிட்டால் புள்ளி. நடுவில் ஒரு குன்று குறுக்கே வந்தால் அதுவும் போச்சு.

அதனால் டிவி வாங்குவது என்றால் பெட்டியோடு மீன்முள் ஆன்டெனா, கம்பம், பூஸ்டர், கம்பத்தை இழுத்துக் கட்டும் கம்பி, கூடவே அதையெல்லாம் ஏறிக் கட்டத் தெரிந்த ஆள், எல்லாம் சேர்த்துத்தான். காற்றடித்தால் மாடியில் ஒருவர் நின்று திருப்ப, கீழே ஒருவர் "இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், ஆங், போதும்" என்று கத்தவேண்டும். கடற்கரைக் குப்பங்களில் உப்புக்காற்று ஆன்டெனாவின் மூட்டுகளை அரித்துவிடும். அங்கே இது அடிக்கடி நடக்கிற வேலை.

கடை விஷயமும் அப்படியே. செங்கல்பட்டிலிருந்து ரயில் ஏறி மாம்பலத்தில் இறங்கினால் தி.நகர். துணி, நகை, பாத்திரத்துக்குப் போகிற அதே வழியில் டிவிக்கும் போனார்கள். மயிலாப்பூரில் விவேக்ஸ் 1965லேயே தொடங்கியிருந்தது. வசந்த் அண்ட் கோ 1978ல் வந்தது. சாலிடேர், டயனோரா இரண்டும் சென்னைக்காரங்க. மரப்பெட்டி, முன்னால் இழுத்து மூடுகிற ஷட்டர், அதற்குப் பூட்டு சாவி. வாங்கி வந்தபின் தபால் ஆபீஸில் லைசென்ஸ் எடுக்கவேண்டும். 1980களின் நடுவில்தான் அந்த லைசென்ஸ் ஒழிந்தது.

1982ல் கலர் வந்தது. ஆகஸ்ட் 15ல் தொடங்கி, நவம்பரில் டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டியோடு எல்லோருக்கும் ஆசை பிடித்தது. வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் கலர் டிவியைச் சுமந்து வந்த காலம் அது. அதிலும் ஒரு சிக்கல். இந்தியா எடுத்துக்கொண்டது பால் முறை. அமெரிக்காவிலும் ஜப்பானிலும் என்டிஎஸ்சி. இரண்டும் புரியாத செட்டைக் கொண்டுவந்தால் படம் ஒழுங்காக வராது. எங்கே வாங்கினாய் என்பது அன்று வெறும் விலைக் கேள்வி இல்லை, படம் தெரியுமா தெரியாதா என்பதே அதில்தான் இருந்தது.

பெட்டி ஏன் ஏறக்குறைய சதுரம்?

பழைய டிவியின் அகலமும் உயரமும் 4:3. இது ஊமைப்பட காலத்து 35 மில்லிமீட்டர் ஃபிலிமின் அளவு. டிவி வந்தபோது சினிமாவின் அளவையே எடுத்துக்கொண்டது. டிவி வீட்டுக்குள் கூட்டத்தை இழுக்க ஆரம்பித்ததும் ஹாலிவுட் 1953ல் சினிமாஸ்கோப்பைக் கொண்டுவந்தது. வீட்டில் கிடைக்காத ஒன்றைத் தியேட்டரில் காட்டவேண்டும், அதற்காகவே அகலம். தமிழில் முதல் சினிமாஸ்கோப் 1973ல் வந்த ராஜராஜ சோழன்.

ஆக, சென்னையில் டிவி நிலையம் தொடங்கும்போதே தமிழ் சினிமா பெட்டியைவிட அகலமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை படத்தில் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டு, பேசுகிறவரின் மூக்கு மட்டும் தெரிந்த காட்சிகளை அந்தத் தலைமுறை நன்றாகவே அறியும். வெட்டாமல் முழுசாகக் காட்டினால் மேலேயும் கீழேயும் கறுப்புப் பட்டை.

இந்தச் சண்டைக்கு ஒரு நடுவழி 1980களில் கிடைத்தது. கெர்ன்ஸ் பவர்ஸ் என்ற அமெரிக்கப் பொறியாளர் புழக்கத்தில் இருந்த எல்லா வடிவங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்து, 1.33க்கும் 2.35க்கும் இடையில் பொதுவாக நிற்கிற 1.77ஐ எடுத்தார். அதுதான் 16:9. இது சமரச அளவு. எதற்கும் கச்சிதமாகப் பொருந்தாது, எதற்கும் ரொம்ப மோசமாகவும் இருக்காது. அகலத்திரை டிவி வாங்கினால் கறுப்புப் பட்டையே வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. பழைய படத்துக்குப் பக்கவாட்டில் வரும், சினிமாஸ்கோப்புக்கு மேலேயும் கீழேயும் வரும். பட்டையைச் சகிக்காமல் ரிமோட்டில் இழுத்துவிட்டால் எம்ஜிஆரும் சிவாஜியும் பத்து கிலோ ஏறிவிடுவார்கள்.

ஒரே மாவட்டம், இரண்டு டிவி

இந்த வட்டாரத்தின் கதையில் நான் முக்கியமாக நினைப்பது 2006, 2007 ஆண்டுகள். அப்போது செங்கல்பட்டும் மாமல்லபுரமும் ஸ்ரீபெரும்புதூரும் ஒரே காஞ்சிபுரம் மாவட்டத்தில் இருந்தன. (செங்கல்பட்டு தனி மாவட்டமானது 2019 நவம்பரில்.)

2006 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாளில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கியது. 14 இன்ச் கலர் டிவி, பழைய படக்குழாய், 4:3. ரேஷன் கார்டைக் காட்டி, வரிசையில் நின்று வாங்கினார்கள். 2011ல் ஆட்சி மாறி நின்றுபோவதற்குள் தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கு மேல் செட்டுகள் கொடுக்கப்பட்டன. இதைக் கேலி செய்து எழுதியவர்கள் நிறைய. ஆனால் அடுத்த வீட்டு வாசலில் நின்று ஜன்னல் வழியாகப் படம் பார்த்த குழந்தைக்கு அந்த 14 இன்ச் என்னவாக இருந்தது என்பதையும் சேர்த்துத்தான் எழுதவேண்டும். எந்த பிராண்ட், எந்தக் கடை, எந்த அளவு என்று அந்த வீடுகளை யாரும் கேட்கவில்லை. ஆனால் வீட்டுக்குள் டிவி வந்துவிட்டது.

அடுத்த வருஷம், 2007 நவம்பரில், அதே மாவட்டத்தின் ஸ்ரீபெரும்புதூரில் சாம்சங் தொழிற்சாலை திறந்தது. சிங்கபெருமாள்கோவிலில் திரும்பி ஒரகடம் வழியாகப் போனால் எட்டிவிடும் தூரம். உலகம் தட்டைத் திரைக்கும் 16:9க்கும் மாறிக்கொண்டிருந்த நேரம் அது. படக்குழாய் டிவியின் கடைசிப் பெரிய அலையும் தட்டை டிவியின் முதல் அலையும் ஒரே மாவட்டத்தில் ஒரே சமயத்தில் ஓடியிருக்கின்றன.

பக்கத்திலேயே தொழிற்சாலை இருந்தால் நமக்கு விலை குறையுமா? குறையாது. தட்டை டிவியின் செலவில் பாதிக்கு மேல் ஓப்பன் செல் என்கிற திரைத்தகடு. அது இறக்குமதி, பெரும்பாலும் சீனாவிலிருந்து. அதற்குச் சுங்கவரி போட்டதையடுத்து 2018ல் சாம்சங் இங்கே டிவி செய்வதை நிறுத்தி, வியட்நாமிலிருந்து கொண்டுவர ஆரம்பித்தது. 2019 செப்டம்பரில் அந்த வரி நீக்கப்பட்டது. அடுத்த மாதம்தான் சீன அதிபர் ஷி ஜின்பிங் மாமல்லபுரம் வந்து பிரதமர் மோடியோடு அர்ச்சுனன் தபசைப் பார்த்தார். ஊர்க்காரர்கள் தங்கள் ஊர்ப் பாறையை நேரலையில் பார்த்தார்கள், பல வீடுகளில் சீனத் திரைத்தகட்டில்தான். 2020 ஜூலையில் முழு டிவி இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்ததும் உற்பத்தி மறுபடி இந்தியாவுக்குத் திரும்பியது. 2024ல் அதே ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் தொழிலாளர்கள் தங்கள் சங்கத்தை அங்கீகரிக்கக் கேட்டு ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். கடையில் தொங்குகிற விலைச்சீட்டுக்குப் பின்னால் இத்தனை நடக்கிறது.

இன்ச் கணக்கு

இன்ச் என்பது மூலைக்கு மூலை அளவு. வடிவம் மாறினால் அந்த எண்ணுக்கு அர்த்தமும் மாறும். 29 இன்ச் பழைய பெட்டியில் படத்தின் உயரம் 17.4 இன்ச். 32 இன்ச் அகலத்திரையில் 15.7. அதனால்தான் "பெருசா வாங்கினோம், படம் சின்னதா இருக்கே" என்று பல வீடுகளில் குழம்பினார்கள். குழப்பம் அவர்களுடையது இல்லை, எண்ணுடையது. 21 இன்ச் பெட்டிக்கு ஈடான உயரம் வேண்டுமென்றால் அகலத்திரையில் 26 வேண்டும், 29க்கு ஈடு 36 ஆகும்.

இடத்தையும் அளந்து பாருங்க. 43 இன்ச் திரை மூன்றடிக்குக் கொஞ்சம் மேல் அகலம், ஒன்றேமுக்கால் அடி உயரம். 1990களில் கட்டிய வீடுகளில் ஹாலில் ஷோகேஸும், நடுவில் டிவிக்கென்று ஒரு சதுரப் பொந்தும் இருக்கும். அது இரண்டடி அகலம் என்றால் 32 இன்ச்சே நுழையாது. டிவி வாங்கப் போய் ஷோகேஸை இடித்த வீடுகள் உண்டு.

தூரத்துக்கு ஒரு எளிய கணக்கு: உட்காரும் இடத்துக்கும் திரைக்கும் உள்ள தூரத்தை இன்ச்சில் அளந்து இரண்டால் வகுங்க. ஏழடி என்றால் 84, பாதி 42. ஆக 43 இன்ச். இதற்கு நம்ம ஊரிலேயே பாடம் இருக்கிறது. அர்ச்சுனன் தபசு சுமார் 29 மீட்டர் அகலம், 13 மீட்டர் உயரம். ஏறக்குறைய சினிமாஸ்கோப். எதிர்ப்பக்கம் தள்ளி நின்றால்தான் முழுக்காட்சி கண்ணில் நிற்கும். கிட்டப் போனால்தான் தவம் செய்யும் பூனையும் அதன் காலடி எலிகளும் தெரியும். 4கே விஷயமும் இதேதான். கிட்ட உட்கார்ந்தாலோ பெரிய திரை வைத்தாலோதான் அந்த நுணுக்கத்துக்குக் கொடுத்த காசு பிரயோசனம். தூரத்தில் சின்னத் திரை என்றால் வித்தியாசம் தெரியாது.

32 இன்ச் இவ்வளவு பரவியதற்கு வரியும் ஒரு காரணம். 2019 ஜனவரி முதல் 32 இன்ச் வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 28. அடிப்படை விலை 25,000 ரூபாய் என்றால் அந்தப் பத்து சதவீதம் 2,500 ரூபாய். 2025 செப்டம்பர் 22 முதல் எல்லா அளவுக்கும் 18தான். இனி 32க்குள் நிற்கவேண்டிய கட்டாயம் வரியால் இல்லை.

எங்கே வாங்குவது?

2018 பிப்ரவரியில் ஷாவ்மி 55 இன்ச் டிவியை 39,999 ரூபாய்க்கு ஆன்லைனில் விற்க ஆரம்பித்ததும் தி.நகர் பயணத்துக்கு இருந்த பழைய காரணம் ஆட்டம் கண்டது. அதே விலை மாமல்லபுரத்திலும் கிடைக்கிறது, டிவி வாசலுக்கே வருகிறது. ஆனால் சரிபார்க்கவேண்டியது விலை மட்டும் இல்லை. அன்று கம்பத்தின் உயரம் செய்த வேலையை இன்று பின்கோடு செய்கிறது. செங்கல்பட்டு 603001, மாமல்லபுரம் 603104. இரண்டுக்கும் நடுவில் திருக்கழுக்குன்றம் வழியாக முப்பது கிலோமீட்டர்கூட இல்லை. ஆனால் சுவரில் மாட்ட ஆள் என்றைக்கு வருவார், பழுதானால் எந்த ஊரிலிருந்து வருவார் என்பது பின்கோடுக்குப் பின்கோடு மாறலாம். பணம் கட்டும் முன்பே அந்த கம்பெனியின் சர்வீஸ் எண்ணுக்குப் போன் போட்டு, உங்கள் பின்கோடைச் சொல்லி, சர்வீஸ் சென்டர் எங்கே என்று கேளுங்க. பதில் சுற்றி வளைத்து வந்தால் அந்த மாடலை விட்டுவிடலாம்.

ஜிஎஸ்டி ரோட்டுக் கடையில் ஆயிரம் ரெண்டாயிரம் கூடுதலாக இருந்தாலும் (ரோட்டின் பேர் வேற, வரியின் பேர் வேற, ரெண்டையும் நாமதான் தாண்டணும்) திரையை ஏற்றி இறக்குவதில் கீறல் விழுந்தால் நேரில் போய் நிற்கலாம். தகடு உடைந்தால் ரிப்பேர் செலவு புது டிவி விலையைத் தொட்டுவிடும். வாசலிலேயே பிரித்து, ஓடவிட்டுப் பார்த்து, அப்புறம் கையெழுத்துப் போடுங்க. வாரண்டி பில்லில் கடையின் முத்திரையும் தேதியும் இருக்கட்டும்.

கோவளத்திலிருந்து சதுரங்கப்பட்டினம் வரை கடலோரத்தில் இருக்கிறவர்கள் கடலைப் பார்த்த ஜன்னலுக்கு நேரே டிவியை மாட்டவேண்டாம். ஆன்டெனாவைத் தின்ற அதே காற்று இப்போது உள்ளே இருக்கும் போர்டைத் தின்னும். இந்தப் பக்கத்து வீடுகளுக்கு சர்வீஸ் ஆள் வரும் தூரம் இன்ச்சைவிட முக்கியம்.

மொத்தத்தில் என் கணக்கு இது. ஹாலை அளந்து அளவை முடிவு செய்வது, வீட்டில் அதிகம் ஓடுவது பழைய படமா, சீரியலா, கிரிக்கெட்டா என்று பார்த்து அதற்கேற்ற திரை, பின்கோடைக் கேட்டுக் கடை. பட்ஜெட் இடித்தால் இன்ச்சைக் குறைத்துக்கொள்ளலாம். சர்வீஸை விட்டுக்கொடுக்கவேண்டாம். 1975லிருந்து இந்த வட்டாரத்தில் டிவி ஓடியது மாடி ஏறி ஆன்டெனாவைத் திருப்ப ஆள் இருந்த வீடுகளில்தான்.